சைக்கோ கொலைகாரன் கதையைப் படமாக்க யாரிடம் அனுமதி வாங்கணும்? 'மூடுபனி' முதல் 'ஆட்டோ சங்கர்' வரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினால், செல்போன்களில் ஓடுவது இரண்டே ரகம்தான். ஒன்று சீரியல். இன்னொன்று சீரியல் கில்லர்.

'ராட்சசன்' (2018), மிஷ்கினின் 'சைக்கோ' (2020), 'போர் தொழில்' (2023) எனத் தொடர் கொலைப் படங்களுக்குத் தமிழில் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. ஓடிடி வந்த பிறகு 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற கார்டோடு வரும் தொடர்களும் கூடிவிட்டன.

அந்தக் கார்டைப் பார்க்கும்போது ஒரு கேள்வி வரும். நாவலைப் படமாக்கினால் எழுத்தாளரிடம் உரிமை வாங்க வேண்டும், சரி. நிஜமாகவே நடந்த கொலைகளைப் படமாக்கினால்? கொலை செய்தவரிடம் கேட்கணுமா? செத்தவரின் வீட்டில் கேட்கணுமா? போலீஸிடமா? கோர்ட்டிடமா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் பதில், வேலூரில் பிறந்த ஒரு கொலைக் குற்றவாளியின் கதையிலிருந்து வந்தது. வேலூரிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் காட்பாடிப் பக்கம் வரும் ஊர் காங்கேயநல்லூர். திருமுருக கிருபானந்த வாரியார் பிறந்த ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். அவருடைய நினைவிடமும் அங்கேதான். அதே ஊரில் பிறந்த இன்னொருவர் பெயர் கௌரி சங்கர். தமிழ்நாடு அவரை அறிந்தது 'ஆட்டோ சங்கர்' என்ற பெயரில்.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், நாவலில் இருந்து வந்த கொலைகாரனைப் பார்த்துவிடுவோம்.

நாவலில் பிறந்த கொலைகாரன்

1980 நவம்பர் 7, தீபாவளி. பாலுமகேந்திராவின் 'மூடுபனி' வெளியானது. அவர் இயக்கிய மூன்றாவது படம், தமிழில் இரண்டாவது. இளையராஜாவுக்கு அது 100-வது படம். கதாநாயகி ஷோபா அந்த ஆண்டு மே 1-ம் தேதியே இறந்துவிட்டார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, சிறு வயதில் பட்ட காயத்தை மனதுக்குள் சுமந்து திரிபவன். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களைத் தேடிக் கொல்கிறான். வில்லனைக் கதாநாயகன் துரத்தும் படமாக இல்லாமல், கொலைகாரன் கூடவே நம்மையும் நடக்க வைத்த படம் அது. பேய் கிடையாது, ஆனாலும் பயம் குறையாது. ஹாரர் என்று சொல்வதா, த்ரில்லர் என்று சொல்வதா என்ற விவாதத்தை ரசிகர்களுக்கே விட்டுவிடலாம்.

இந்தப் படத்துக்கு அடிப்படை, ராஜேந்திரகுமார் எழுதிய 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவல். அப்படியே எடுக்கவில்லை, தளர்வாகத் தழுவியது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' சாயல் இருப்பதாகவும் பேச்சு உண்டு.

நாவல் என்று வந்துவிட்டால் சட்டம் ஓரளவு தெளிவு. பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்து 60 ஆண்டுகள் வரையும் இருக்கும். படமாக்கும் உரிமையை எழுத்து மூலமாகத்தான் வாங்க வேண்டும். டீக்கடையில் கைகுலுக்கியதெல்லாம் செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் போடாமல் விட்டால், 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளருக்கு ஒரு பிடி மிச்சம் இருக்கும். தன் படைப்பைச் சிதைத்து, தன் பெயருக்குக் கேடு வரும்படி மாற்றினால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மேல் போட்ட வழக்கில், 1986-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

ஆனால் வெறும் கருவுக்கு உரிமை கிடையாது. 'சிறு வயதில் காயப்பட்டவன் வளர்ந்து கொலைகாரன் ஆகிறான்' என்ற ஒற்றை வரியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கருவைச் சொன்ன விதத்துக்குத்தான் பாதுகாப்பு என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி.ஆனந்த் போட்ட வழக்கு அது. அவர் தோற்றார்.

நிஜத்தில் இருந்து நாவல், நாவலில் இருந்து படம்

இன்னொரு ரகம் உண்டு. நிஜக் கொலைகாரனை முதலில் நாவலாக்குவது, அதைப் படமாக்குவது. உலகத்தின் பிரபலமான ஹாரர் படங்கள் சில இப்படி வந்தவைதான்.

1957 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்ற குட்டி ஊரில் எட் கீன் என்பவர் பிடிபட்டார். இரண்டு பெண்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்டார். கல்லறைகளைத் தோண்டி உடல்களை எடுத்து வந்ததும் தெரிந்தது. அவருடைய வீட்டில் மனிதத் தோலால் செய்த பொருட்கள் கிடைத்தன.

அதே மாநிலத்தில் அப்போது குடியிருந்தவர் எழுத்தாளர் ராபர்ட் பிளாக். பக்கத்து வீட்டில் அமைதியாக இருக்கும் மனிதருக்குள் இப்படி ஒருவர் ஒளிந்திருக்க முடியுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊர், பெயர், குடும்பம் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார். 1959-ல் வந்த அந்த நாவல்தான் 'சைக்கோ'. வாங்குவது ஹிட்ச்காக் என்பதே தெரியாமல் பட உரிமையை விற்றார் பிளாக். 1960-ல் படம் வந்தது. எட் கீன் 1984 வரை உயிரோடு இருந்தார், மனநலக் காவலில். அவரிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. திரையில் இருந்தது அவர் இல்லையே, நார்மன் பேட்ஸ் அல்லவா?

தாமஸ் ஹாரிஸ் 1988-ல் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலிலும் எட் கீனின் நிழல் உண்டு. பெண்களைக் கொன்று தோலை உரித்து ஆடை தைக்கும் ஒரு கொலைகாரன் அதில் வருகிறான். 1991-ல் படமாகி, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வாங்கியது. ஹாலிவுட்டில் 'தோல்' என்றால் நடுக்கம். ஆம்பூர்க்காரருக்கு அது ட்ரம்மில் சுற்றும் வெட் ப்ளூ, மாசச் சம்பளம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ்.

விஷயத்துக்கு வருவோம். நிஜத்தை நாவல் என்ற சல்லடையில் சலித்து எடுத்தால், அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றினால், சிக்கல் குறைவு. நிஜப் பெயரோடு, நிஜ ஊரோடு சொல்ல வந்தால்தான் தலைவலி ஆரம்பம்.

காங்கேயநல்லூரில் இருந்து திருவான்மியூர்

காங்கேயநல்லூரில் பிறந்த கௌரி சங்கர் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போய் திருவான்மியூர், பெரியார் நகரில் குடியேறினார். ஆட்டோ ஓட்டினார். ஆட்டோவில் கள்ளச்சாராயம் கடத்தினார். பிறகு பெண்களை வைத்து விபசாரத் தொழில் நடத்தினார். பணம் வந்தது, பெரிய இடத்துப் பழக்கமும் வந்ததாகப் பேச்சு.

1987-88 காலத்தில் நடந்த ஆறு கொலைகள் அவர் மேலும் அவருடைய கூட்டாளிகள் மேலும் நிரூபிக்கப்பட்டன. இறந்தவர்களில் ஒருவர் பெண், ஐந்து பேர் ஆண்கள். உடல்கள் சில வீட்டுத் தரைக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்தன. தோண்டி எடுத்த செய்தி வந்த நாட்களில் தமிழ்நாடே பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

1990-ல் சென்னை மத்தியச் சிறையில் இருந்து தப்பினார். ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். 1991 மே மாதம் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் தூக்குத் தண்டனை கொடுத்தது. 1992-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சங்கரின் அப்பீலைத் தள்ளியது.

தன்னைக் கெடுத்தது சினிமாதான் என்று சங்கர் ஒருமுறை சொன்னார். அதை எவ்வளவு நம்புவது என்பது வேறு விஷயம். ஆனால் சினிமா அவரை விட்டுவைக்கவில்லை.

தீர்ப்புக்கு முன்னாலேயே வந்த படம்

1990 பொங்கலுக்கு ஆர்.கே.செல்வமணியின் 'புலன் விசாரணை' வெளியானது. விஜயகாந்த் போலீஸ் அதிகாரி. ஆனந்தராஜ் நடித்த வில்லன் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதில் தியேட்டரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பெயர் மட்டும் வேறு. செங்கல்பட்டு கோர்ட் தீர்ப்பு சொல்ல இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது.

விசாரணை நடக்கும்போதே படம் எடுத்தால் என்ன ஆகும்? 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்பைப் பற்றி எஸ்.ஹுசைன் ஜைதி எழுதிய புத்தகத்தை அனுராக் காஷ்யப் 'பிளாக் ஃப்ரைடே' என்ற படமாக்கினார். தீர்ப்பு வரும் முன் குற்றவாளி என்று காட்டினால் தங்கள் வழக்கு பாதிக்கும் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். தடா கோர்ட் தீர்ப்பு சொல்லும்வரை படம் பெட்டிக்குள் இருந்தது. 2004-ல் தயாரான படம் தியேட்டருக்கு வந்தது 2007 பிப்ரவரியில்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், 'பிளாக் ஃப்ரைடே'யில் நிஜப் பெயர்கள் இருந்தன. 'புலன் விசாரணை'யில் இல்லை.

சிறையில் எழுதிய 300 பக்கம்

கொலைகள், தூக்குத் தண்டனை எல்லாம் குற்றவியல் வரலாறு. சட்ட மாணவர்கள் இன்றும் ஆட்டோ சங்கர் பெயரைப் படிக்கக் காரணம் வேறு.

சங்கர் சிறையில் இருந்தபடி சுமார் 300 பக்கத்தில் தன் சுயசரிதையை எழுதினார் என்றும், அது அவருடைய மனைவி வழியாகப் பிரசுரத்துக்காக வெளியே வந்தது என்றும் சொன்னது 'நக்கீரன்' வார இதழ். உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளிய அடுத்த மாதமே, 1994 மே 21 தேதியிட்ட இதழில், இதைத் தொடராகப் போடப்போவதாக அறிவிப்பு வந்தது.

அறிவிப்பில் இருந்த சேதிதான் அதிகாரிகளை உலுக்கியது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் சங்கருக்கும் இருந்த நெருக்கத்தைச் சுயசரிதை சொல்கிறது, குற்றங்களில் சிலர் பங்காளிகளாகவே இருந்தார்கள் என்பது பத்திரிகையின் வாதம்.

1994 ஜூன் 15-ம் தேதி சிறைத்துறை ஐ.ஜி.யிடம் இருந்து ஆசிரியருக்குக் கடிதம் போனது. சங்கர் அப்படி எதையும் எழுதவில்லை, அது பொய்யானது, சிறை விதிக்கு விரோதமானது, பிரசுரித்தால் நடவடிக்கை என்று அதில் இருந்தது. எழுதவில்லை என்று சொல்லச் சொல்லி சங்கரைச் சிறையில் துன்புறுத்தியதாகப் பத்திரிகை சொன்னது, அரசு மறுத்தது.

ஆசிரியர் ஆர்.ராஜகோபால், எல்லோருக்கும் தெரிந்த 'நக்கீரன்' கோபால், நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி.ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வந்தது. 'ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு மாநிலம்'. பேச்சுவழக்கில் 'ஆட்டோ சங்கர் வழக்கு'.

தீர்ப்பு என்ன சொன்னது?

விநோதம் என்னவென்றால், அந்த வழக்கில் சங்கர் ஒரு தரப்பே இல்லை. அவர் சிறையில் இருந்தார். அதனால் நீதிபதிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சங்கர் எழுதவே இல்லை, அனுமதியும் தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தாலும் ஒரு பத்திரிகை அவருடைய வாழ்க்கையைப் போடலாமா?

தனியாக இருக்க விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று ஆரம்பித்தது தீர்ப்பு. தன் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தை, படிப்பு ஆகியவற்றைப் பற்றி, பாராட்டியோ திட்டியோ, உண்மையோ பொய்யோ, அனுமதி இல்லாமல் யாரும் பிரசுரிக்க முடியாது. இந்த உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும். கொலைக் குற்றவாளியும் குடிமகன்தான். அவரை இதில் இருந்து தீர்ப்பு விலக்கவில்லை.

அடுத்தது விதிவிலக்கு. ஒரு விஷயம் பொதுப் பதிவேட்டில், அதிலும் கோர்ட் ஆவணத்தில், ஏறிவிட்டால் அது அந்தரங்கம் இல்லை. அதை எழுத, பேச, காட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆக, பொதுப் பதிவேட்டில் தெரியும் அளவுக்கு சங்கரின் வாழ்க்கையை நக்கீரன் போடலாம். அதைத் தாண்டினால், அது அந்தரங்கத்தில் மூக்கை நுழைத்ததாகி, பின்விளைவைச் சந்திக்க நேரலாம்.

அந்த விதிவிலக்குக்குள் இன்னொரு விதிவிலக்கு. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயர், கோர்ட் ஆவணத்தில் இருந்தாலும்கூட ஊடகத்தில் வரக் கூடாது. பட்ட துயரம் போதாது என்று பெயரும் சம்பவமும் ஊர் வாயில் விழுவது இன்னொரு அவமானம் என்றது கோர்ட். சங்கர் வழக்கைப் பேசும் எல்லா யூடியூப் வீடியோவும் இந்த இடத்தைக் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

அதிகாரிகள் விஷயத்தில் தீர்ப்பு கறார். தங்கள் உத்தியோகக் கடமை தொடர்பான விஷயங்களில் அவர்களுக்கு அந்தரங்க உரிமை என்று ஒன்றும் கிடையாது. அவதூறு வரும் என்று பயந்து, அச்சுக்குப் போகும் முன்னாலேயே தடுக்கும் அதிகாரம் அரசுக்கும் இல்லை, அதிகாரிக்கும் இல்லை. வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்போதும், பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமலோ எழுதினார்கள் என்று காட்டினால்தான் ஜெயிக்க முடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964 'நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்' தீர்ப்பையும் நீதிபதிகள் இதற்குத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததே, அந்த புட்டசாமி வழக்கிலும் இந்த ஆட்டோ சங்கர் தீர்ப்பு விரிவாகப் பேசப்பட்டது.

புத்தக உரிமை வாங்கினால் போதுமா?

போதாது. இதற்கு உதாரணம் பூலான் தேவி. மாலா சென் எழுதிய புத்தகத்தை வைத்து சேகர் கபூர் 'பேண்டிட் குயின்' எடுத்தார். எழுத்தாளர் பக்கம் எல்லாம் சரி. ஆனால் கதையின் நாயகி உயிரோடு இருந்தார். தனக்கு நடந்த பாலியல் கொடுமையை நிஜப் பெயரோடு ஊர் முன்னால் காட்டுகிறார்கள், தான் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ஆட்டோ சங்கர் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1994 டிசம்பர் 1 அன்று படத்தைத் திரையிட இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இதே பிரச்சினை டி.வி.க்கு வந்தது. மக்கள் தொலைக்காட்சியில் வீரப்பன் கதையை 'சந்தனக்காடு' தொடராக எடுத்தபோது, 2007-ல் அவருடைய மனைவி முத்துலட்சுமி சென்னை உயர் நீதிமன்றம் போனார். வீரப்பன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் கதைக்குள் மனைவியும் பெண் குழந்தைகளும் வருகிறார்களே. அங்கேயும் அளவுகோலாக வைக்கப்பட்டது நக்கீரன் வழக்குத் தீர்ப்புதான்.

உங்க ஊர் வழக்கைக் குறும்படமாக எடுப்பதாக இருந்தால்

குடியாத்தத்திலோ ராணிப்பேட்டையிலோ பழைய கொலை வழக்கு ஒன்றைக் குறும்படமாகவோ பாட்காஸ்ட்டாகவோ செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் 'பொதுப் பதிவேடு' என்ற சொல்.

கோர்ட் தீர்ப்பு பொதுப் பதிவேடு. தயங்காமல் எடுக்கலாம், மேல் கோர்ட் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கும். எஃப்.ஐ.ஆர். கூட, பாலியல் குற்றம் மாதிரியான வழக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குற்றப்பத்திரிகை அப்படி இல்லை. அது பொது ஆவணம் கிடையாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸில் தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜெராக்ஸை நம்பி சீன் எழுதினால் பின்னால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. டீக்கடையில் கேட்டது, எதிர்வீட்டு ஆயா சொன்னது, 'அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் பழக்கம்னு ஊரே பேசுச்சு' என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் வராது. குற்றத் தொடர்களில் சுவாரசியத்துக்காகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். வழக்கு வருவதும் இங்கேயிருந்துதான்.

'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாமா? அந்த வரிக்கே ஒரு கதை உண்டு. 1932-ல் எம்.ஜி.எம். நிறுவனம் ரஷ்ய சாமியார் ரஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் வரும் ஓர் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டு 1934-ல் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் இந்த வரி படங்களில் பரவியது. பார்க்கிறவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், அந்த வரி மட்டும் காப்பாற்றாது.

இறந்தவர்களுக்கு அந்தரங்கம் உண்டா?

1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பெயரில் தீர்ப்பு வந்து ஏழு மாதம் முடியவில்லை. தமிழ்நாட்டில் கடைசியாக நிறைவேற்றப்பட்ட தூக்கு அதுதான். 2011-ல் இன்னொன்று நெருங்கி வந்தது. ராஜீவ் கொலை வழக்கில் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் உட்பட மூவருக்கு வேலூர் மத்தியச் சிறையில் செப்டம்பர் 9 என்று நாளே குறிக்கப்பட்டது. பத்து நாள் முன்னால் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2014-ல் மூவரின் தண்டனையும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

சங்கர் இறந்து 24 வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 23 அன்று, ஜீ5 தளத்தில் 'ஆட்டோ சங்கர்' வெப் சீரிஸ் வந்தது. சங்கராக அப்பானி சரத். 'புலன் விசாரணை' காலத்தில் மாற்றிய பெயரை இப்போது மாற்றவில்லை, தலைப்பே அதுதான்.

இறந்தவரின் குடும்பம் இதைத் தடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில், கொலையோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கில் கிடைத்தது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து ஏ.எல்.விஜய் எடுத்த 'தலைவி' படத்தையும், அனிதா சிவகுமாரனின் நாவலை அடிப்படையாகக் கொண்ட 'குயின்' தொடரையும் எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. ஒருவர் தன் வாழ்நாளில் சம்பாதித்த அந்தரங்கமும் பெயரும் அவரோடு முடிந்துவிடும். வீடு, நிலம் மாதிரி வாரிசுக்கு வராது என்பது அதன் சாரம்.

அதே கணக்குப்படி சங்கரின் உறவினர்கள் அவர் பெயரைச் சொல்லி ஒரு தொடரை நிறுத்த முடியாது. கொலையான ஆறு பேரின் வீட்டாரும், இறந்தவர் சார்பில் அந்தரங்க உரிமை கேட்டுப் போனால் இதே பதில்தான் கிடைக்கும். தங்களையே பாத்திரமாக்கி, பதிவேட்டில் இல்லாததைக் காட்டினால் மட்டும் தங்கள் சொந்த உரிமைக்காக வழக்குப் போடலாம். வருமானத்தில் பங்கு கேட்கவோ, 'எங்க பிள்ளை சாவைத் திரும்பத் திரும்பக் காட்டாதீங்க' என்று சொல்லவோ சட்டத்தில் தனி வழி ஒன்றும் இல்லை.

சாவுக்குப் பிறகும் நீடிக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ, அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும், வீட்டார் சம்மதம் கொடுத்தாலும்கூட பெயரை வெளியிட முடியாது என்று 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய காரணம் இருந்தால், அதை முடிவு செய்ய வேண்டியவர் செஷன்ஸ் நீதிபதி.